பாலி மலையைச் சுற்றிப்போன பன்றிக்கறி

வெஹி லாஸ் வேகஸுக்கு விமானம் ஏறியது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஹவாயில், வைமானாலோவில் விடிந்ததிலிருந்தே தூறல். மலை பாதி தெரிந்தது, பாதி மேகத்துக்குள் இருந்தது. வேகஸில் இருக்கும் மகள் தியாரேவுக்கு முதல் பிரசவம் ஆகி ஒன்பது நாள். மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டு, குழந்தைக்குக் கழுத்து நின்றதும் திரும்பிவிடுவது என்று பேச்சு.

கணவர் லோபாகா பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடி வாசலில் நின்றார். வெஹியோ சமையலறையை விட்டு வெளியே வருவதாக இல்லை.

“லோபா, ஒரு நிமிஷம் உள்ள வா.”

“நேரமாச்சு.”

“நீ ஓட்டுறது பஸ்ஸு இல்ல இப்போ. வா.”

மேசைமேல் அந்த ஸ்லோ குக்கர் இருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றிச் சூடேறும் ஒரு கூடு, மேலே கண்ணாடி மூடி. ஒரு பக்கத்துக் கைப்பிடி உடைந்து பல வருடமாகிவிட்டது. வெஹி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, வகுப்பெடுப்பதுபோல் ஆரம்பித்தார்.

“முட்டையும் சோறும் மட்டும் தின்னு மூணு மாசம் ஓட்டிடலாம்னு நினைக்காத. பன்றித் தோள்கறி வாங்கு, எலும்போட. முள்கரண்டியால நல்லா குத்து. சிவப்பு உப்புத் தேய். புட்டில விக்கிற புகைத்தண்ணி, புகை வாசனைக்கு, ஒரு ஸ்பூன். வாழையிலைல சுத்தி, கொழுப்புப் பக்கம் மேல வர்ற மாதிரி வை. மூடு. மறுநாள் திற.”

“எத்தனை மணி நேரம்?”

“சின்னச் சூட்டுல பதினாறு. இருபது ஆனாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.”

“நடுவுல நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் உனக்குக் கஷ்டம்.”

விமான நிலையத்தில் லோபாகா, காலையில் தானே கோத்த மாலையை மனைவி கழுத்தில் போட்டார். வெஹி அவர் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, “மூணு மாசம்” என்றார். “மூணு மாசம்” என்று அவரும் சொன்னார். இருவரும் அதை நம்பித்தான் சொன்னார்கள்.

லோபாகா கனுஹாவுக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதில் பெரும்பகுதி கைலுவாவிலிருந்து பாலி மலையைக் கடந்து ஹொனலூலுவுக்குப் போகும் தடம். மலைக்கு இந்தப் பக்கம் எப்போதும் ஈரம், பச்சை. பன்றி உருவெடுக்கும் தெய்வம் காமபுவாவின் மண். அந்தப் பக்கம் வெயில், காய்ந்த பாறை; நெருப்புக்காரி பெலேயுடையது. ஒருகாலத்தில் கூடி வாழ்ந்து, சண்டை போட்டு, மலையை நடுவில் வைத்து எல்லை பிரித்துக்கொண்டவர்கள். அதனால் பன்றி இறைச்சியைத் தூக்கிக்கொண்டு பாலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வண்டி நின்றுவிடும். இதை நம்புகிறாயா என்று லோபாகாவிடம் கேட்டால், தோளைக் குலுக்குவார். ஆனால் அவர் பேருந்தில் யாராவது மூடிய தட்டோடு ஏறினால், கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு தடவை கைலுவாவில் ஒரு வயதான அம்மாள் அலுமினியத் தாள் சுற்றிய பெரிய தட்டோடு ஏறினாள்.

“ஆன்ட்டி, உள்ள என்ன?”

“மீனு.”

பாலி மலைச் சுரங்கப்பாதைக்கு நூறடி முன்னால் பேருந்து நின்றது. லோபாகா இருக்கையிலிருந்து எழுந்து, நடந்துபோய், அந்த அம்மாள் எதிரில் நின்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“கொஞ்சூண்டுதான்ப்பா. தங்கச்சி வீட்டுக்கு. அதுவும் கொழுப்பில்லாத பாகம்.”

பேருந்து முழுக்கக் கூச்சல். கடைசியில் பயணிகள் எல்லோரும் சாலையோரத்தில் இறங்கி, ஆளுக்கொரு துண்டாக, தட்டைக் காலி செய்தார்கள். லோபாகா திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. பேட்டரி ஒயர் தளர்ந்திருந்தது என்று பணிமனையில் எழுதினார்கள். அவர் அதை மறுக்கவில்லை. ஏற்றுக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைமானாலோவில் அவர்கள் குடியிருக்கும் மனை ஹவாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய குத்தகை நிலம். அதற்கான பட்டியலில் லோபாகாவின் அப்பா பெயர் கொடுத்து, இருபத்தாறு வருடம் காத்திருந்து, வரிசை வருமுன்பே செத்துப்போனார். பிறகு லோபாகா பெயர் கொடுத்து, இருபத்து மூன்று வருடம் காத்திருந்து வாங்கினார். குத்தகைக்காரன் அங்கே குடியிருக்க வேண்டும் என்பது விதி. பத்து நாள் ஊருக்குப் போனால் யாரும் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு இரவு வெளியே தங்க வேண்டும் என்றால் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார்.

வெஹி போன முதல் வாரம் முட்டையும் சோறும்தான். இரண்டாம் வாரம் கறி வாங்கினார். ஏழு பவுண்டுத் தோள், எலும்போடு. அடிப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். ஒரு ஸ்பூன் புகைத்தண்ணீர் அவருக்குப் போதாதென்று பட்டது. அரைப் புட்டியைச் சாய்த்தார். அரைமணிக்கு ஒருதரம் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். மறுநாள் பக்கத்து வீட்டுப் போன்ஸோவைச் சாப்பிடக் கூப்பிட்டார். போன்ஸோ பிலிப்பைன்ஸ்காரன், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவன். கூரை வேலை செய்கிறவன். ஒரு வாய் வைத்துவிட்டு, வெகுநேரம் மென்றான்.

“அண்ணே, இது கறியா, இல்ல உங்க பழைய பஸ்ஸோட சைலன்சரா?”

“புகை கொஞ்சம் தூக்கலா இருக்கோ?”

“கொஞ்சமா? எனக்குக் கண்ணு எரியுது. அதுல தண்ணி வேற. சைலன்சரைக் கழுவி சூப்பு வச்ச மாதிரி இருக்கு.”

அடுத்த முறை தண்ணீர் ஊற்றவில்லை. கறி தன் சாற்றிலேயே தானாக வெந்துகொள்ளும் என்பதை அவர் நேரில் கண்டபோது, யாரோ தன்னை இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. மூடியைத் திறக்காமலிருக்கத்தான் பாடுபட்டார். திறந்த ஒவ்வொரு முறையும் சூடு ஓடிப்போய், மறுபடி ஏற அரைமணியாகும் என்று வெஹி போனில் திட்டினார். அதனால் சாயங்காலம் பொத்தானைத் தட்டிவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடப் பழகினார். காலையில் எழும்போது வீடு முழுக்க வாசனை நிற்கும். முள்கரண்டியை வைத்தால் எலும்பு சத்தமில்லாமல் தனியே வந்துவிடும். கறியைக் கையாலேயே பிரிப்பார். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, அடியிலிருக்கும் சாற்றை மறுபடி கறிமேல் ஊற்றுவார். அந்தச் சாறு இல்லையென்றால் அது வெறும் நார்.

ஜூன் மாதத்துக்குள் போன்ஸோ கேலியை நிறுத்திவிட்டுத் தூக்குப் பாத்திரத்தோடு வர ஆரம்பித்தான். ஜூலையில் அவன் மனைவி வந்தாள். ஆகஸ்டில் தேவாலயத்தில் ஒரு சாவு விருந்துக்குக் கேட்டார்கள்.

மூன்று மாதம் என்பது ஆறு மாதமானது. குழந்தை மஹினாவுக்குக் காதில் சீழ் கட்டியது. தியாரே வேலைக்குத் திரும்பினாள். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் மாறியது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு காரணம், எல்லாமே உண்மையான காரணம். இதற்கிடையில் வெஹிக்கு அந்த ஊர் பிடித்துப்போனது.

“வைமானாலோல பாதிப் பேரு இங்கதான் இருக்கான், லோபா. கடைக்குப் போனா நம்ம ஸ்கூல்ல படிச்சவளுங்களா நிக்கிறாளுங்க. நீயும் வா.”

“வீடு?”

“வீடு எந்திரிச்சு நடந்து போயிடுமா?”

“யாராவது வந்து பாத்தா?”

“யாரு வர்றா? இருபது வருஷமா யாரு வந்து பாத்தான்? ஒரு மாசம் வந்து தங்கிட்டுப் போன்னுதானே சொல்றேன்.”

“பாப்போம்.”

“நீ ‘பாப்போம்’னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.”

அவர் போகவில்லை. பதிலுக்கு மாதம் ஒரு பார்சல் அனுப்பினார். காய்ந்த மீன், சிவப்பு உப்பு, உப்பிட்ட பிளம்ஸ், டாரோக் கிழங்கு சிப்ஸ். அஞ்சலகத்துப் பெண்ணுக்கு லாஸ் வேகஸ் முகவரி மனப்பாடமாகிவிட்டது. வெஹி ஒவ்வொரு முறையும் வந்து சேர்ந்தது என்று சொல்வார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

பிப்ரவரியில் ஒருநாள் வெஹியே கூப்பிட்டார். குரலில் கோபமில்லை; அதனாலேயே லோபாகா எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

“மார்ச்ல மஹினாவுக்கு முதல் பிறந்தநாள். பூங்கால இடம் எடுத்திருக்கோம். நூத்திருபது பேரு. வருவேல்ல?”

“குழந்தைக்கு முதல் பிறந்தநாள், வராம இருப்பேனா?”

“நல்லாக் கேட்டுக்கோ. நீ வந்தேன்னா, முடிஞ்சதும் நானும் உன்கூட வந்துடுறேன். தியாரேகிட்டப் பேசிட்டேன். அவ குழந்தை காப்பகம் பாத்து வச்சிருக்கா. நீ வரலைன்னா, உனக்கு அந்த வீடுதான் வேணும், நான் வேண்டாம்னு எடுத்துக்குவேன். அப்புறம் அதைப் பத்திப் பேசவே மாட்டேன்.”

“வர்றேன், வெஹி. கறி நான் கொண்டு வர்றேன்.”

“கறி கிடக்குது. நீ வா.”

அந்தக் கடைசி வார்த்தைகளை லோபாகா காதில் வாங்கவில்லை. அவர் மனம் அதற்குள் நூற்றிருபதைத் தோள்களால் வகுத்துக்கொண்டிருந்தது.

எட்டுத் தோள் வேண்டியிருந்தது. தன் குக்கர் ஒன்று, போன்ஸோ மனைவியுடையது ஒன்று. இரண்டையும் ஒரே சுவரில் செருகினால் ஃபியூஸ் போய்விடும் என்று ஒன்றைச் சமையலறையிலும் மற்றதைப் படுக்கையறையிலும் வைத்தார். நான்கு நாள், நாளுக்கு இரண்டு தோள். தலையணையிலும் பன்றி வாசனை. ஒவ்வொரு நாளின் கறியையும் பிரித்து, சாறு சேர்த்து, ஆறவைத்து, பைகளில் தட்டையாக அழுத்தி உறையவைத்தார். புதன்கிழமை மாலை எல்லாவற்றையும் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, ஒட்டுநாடா சுற்றி, கறுப்பு மையில் பெயர் எழுதினார்.

விமானம் வியாழன் மதியம் இரண்டரைக்கு. போன்ஸோ தன் டிரக்கில் கொண்டுவிடுவதாக ஏற்பாடு. பத்தேமுக்காலுக்கே பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். பாலி வழியாக விமான நிலையம் நாற்பது நிமிடம். போன்ஸோ ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தான்.

“பாலி கூடாது. அது எனக்கே தெரியும். எச்-த்ரீ சுரங்கம் வழியா போலாமா? அது வேற ரோடுதானே அண்ணே.”

“ரோடு வேற. மலை?”

“மலை ஒண்ணுதான்.”

“ஓட்டை வேற இடத்துல போட்டா சாமிக்குத் தெரியாதா?”

“எத்தனை பேரு போறாங்க!”

“எட்டுத் தோளைத் தூக்கிட்டா போறாங்க?”

போன்ஸோ சிரித்தான். “சரி, கடலைச் சுத்திப் போவோம். ஒரு மணி நேரம். நேரம்தான் இருக்கே.”

மகாபூ முனையைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடல் நீலமாக, காற்று பெட்டிகளின் மேல்விரிப்பைப் படபடவென்று அடித்தது. அடுத்த வளைவில் முன்னால் போன கார்கள் எல்லாம் சிவப்பு விளக்கோடு நின்றன. ஹவாய் காய் என்ற ஊருக்குப் போகும் இறக்கத்தில் கூரைத்தகடு ஏற்றிவந்த லாரி ஒன்று கவிழ்ந்து, தகடுகள் சாலை நெடுக விரிந்துகிடந்தன. யாருக்கும் அடியில்லை. ஆனால் இரண்டு தடமும் அடைபட்டுவிட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள்.

பதினொன்றரை பன்னிரண்டானது. பன்னிரண்டு பன்னிரண்டரையானது. போன்ஸோ இறங்கிப்போய் விசாரித்துவிட்டு வந்தான்.

“இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகுமாம். அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? பின்னால ரெண்டு வண்டி நகர்ந்து கொடுத்தா நான் திருப்பிடுவேன். பெட்டியை இங்கயே இறக்கி வச்சிடுவோம். பாலி வழியாப் பறந்துடலாம்.”

“பெட்டியை ரோட்டுலயா?”

“அலை பாக்க வந்த பசங்க இருக்கானுங்க. சந்தோஷமாத் தின்னுட்டுப் போறானுங்க.”

லோபாகா பின்னால் திரும்பி, தன் பெயர் எழுதிய பெட்டிகளைப் பார்த்தார். இறங்கிப்போய் அவற்றின் மேல்விரிப்பை இழுத்துக் கட்டினார். போன்ஸோ மறுபடி கேட்கவில்லை.

சொன்னதைவிடச் சீக்கிரமாக, ஒன்றேகாலுக்கு ஒரு தடத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். விமான நிலையத்துக் கவுண்டருக்கு அவர்கள் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியபோது மணி ஒன்று ஐம்பது. பயணிகளையும் பெட்டிகளையும் பதிவு செய்வதை ஒன்றரைக்கே நிறுத்திவிட்டார்கள். கவுண்டரில் காதோரம் பூ வைத்த ஒரு சின்னப் பெண். சட்டையில் ஷான்டெல் என்று பெயர்.

“அய்யோ அங்கிள், எங்கேருந்து வர்றீங்க?”

“வைமானாலோ.”

“மகாபூ பக்கம் அடைச்சிருக்குன்னு ரேடியோல சொன்னாங்களே. பாலி வழியா வந்திருக்கலாமே?”

லோபாகா பெட்டியைத் தட்டிக் காட்டினார். “பன்றி.”

அவள் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. “ஓ” என்றாள்.

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பள்ளி விடுமுறை வாரம். ஞாயிறு வரைக்கும் நேரடி விமானம் எல்லாம் நிரம்பிவிட்டது. பிறகு முகம் மலர்ந்து நிமிர்ந்தாள்.

“அங்கிள், ஒரு சீட் இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணி, லாஸ் ஏஞ்சல்ஸ் போய், மாறி, நாளைக்குக் காலைல வேகஸ். போட்டுறவா?”

“போடும்மா.”

“ஆனா பெட்டி போகாது. ராத்திரி முழுக்க அங்க கிடக்கும், ஐஸ் உருகிடும், உறைஞ்ச சாமான் எடுத்துக்க மாட்டாங்க. நீங்க மட்டும்தான்.”

“நான் மட்டும்.”

“ஆமா அங்கிள். நீங்க மட்டும்.”

போன்ஸோ அவர் முதுகில் கையை வைத்தான். “போங்கண்ணே. பெட்டியை நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன். ஃப்ரீசர் இருக்குல்ல.”

லோபாகா அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். பேத்தியின் முதல் பிறந்தநாள் விருந்து. நூற்றிருபது பேர், அதில் பாதி ஊர்க்காரர்கள். கறி கொண்டுவருவதாகச் சொன்ன தாத்தா கையை வீசிக்கொண்டு பூங்காவுக்குள் நடந்து வருகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாழைச்சீப்பாவது இல்லாமல் அவர் படியேறியதில்லை. அவர் அம்மா ஏறியதில்லை. ஒரு வருடமாகப் போகாமல் இருந்துவிட்டு, போகும்போது வெறுங்கையோடா?

“வேண்டாம்மா” என்றார். “வேற யாருக்காவது கொடு.”

ஷான்டெல் அவரைப் பார்த்தாள், போன்ஸோவைப் பார்த்தாள். “அங்கிள், நிச்சயமாவா?”

“நிச்சயமாத்தான்.”

திரும்பும் வழியில் அடைப்பை முழுவதும் எடுத்திருந்தார்கள். அதே கடல், அதே காற்று. வீட்டுக்கு வந்ததும் போன்ஸோ பெட்டிகளைத் தானே தூக்கி உள்ளே வைத்தான்.

வெஹியிடம் போனில் சொன்னபோது, லாரி கவிழ்ந்ததைச் சொன்னார், விமானம் போய்விட்டதைச் சொன்னார். ஐந்து மணிச் சீட்டைச் சொல்லவில்லை.

“பாலி வழியாப் போயிருக்கலாம்ல அப்பா!” என்று பின்னாலிருந்து தியாரே கத்தினாள்.

“எட்டுத் தோளோடயா? வாயை மூடு” என்று வெஹி அவளை அடக்கினார். பிறகு போனில், “வேற சீட்டு?” என்றார்.

“எல்லாம் நிரம்பிடுச்சாம். அடுத்த வாரம் வர்றேனே.”

“அடுத்த வாரம் எதுக்கு? பிறந்தநாள் சனிக்கிழமை. சரி, லோபா. லாரி கவிழ்ந்தா நீ என்ன பண்ணுவ.”

அந்தக் கடைசி வாக்கியம் அவரைக் கடித்தது. அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார், பரிவு வாங்கத் தயாராக இல்லை.

சனிக்கிழமை பெட்டிகளைத் திறந்து, கறியை இரண்டு குக்கரிலும் சூடாக்கி, தெருவைக் கூப்பிட்டார். போன்ஸோ மனைவி சோறு கொண்டுவந்தாள், யாரோ மக்ரோனி சாலட், யாரோ கிதார். குழந்தை இல்லாத பிறந்தநாள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, அவர் செய்ததிலேயே இதுதான் சிறந்தது என்றார்கள். அது உண்மையும்கூட. தியாரே அனுப்பிய வீடியோவில் மஹினா கேக்கில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நீளமான மேசையில் கடையில் வாங்கிய கோழி அடுக்கியிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை.

மே மாதம்வரை அவர் அதைச் சுமந்தார். வெஹி அன்பாகப் பேசப் பேச, சுமை கூடியது. ஒரு ஞாயிறு காலை, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“வெஹி, அன்னைக்குச் சீட்டு இருந்துச்சு.”

“என்னைக்கு?”

“அன்னைக்கே. அஞ்சு மணிக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியா. ஆனா பெட்டி போகாதுன்னாங்க.”

“நீ ஏறல.”

“கறி இல்லாம, வெறுங்கையோட எப்படி...”

“கறிக்காகவா நான் கூப்பிட்டேன்?” வெஹியின் குரல் உயரவில்லை. “நூத்திருபது பேருக்குக் கோழி வாங்கிப் போட்டோம். முடிஞ்சுபோச்சு. நான் நாலு மணி வரைக்கும் கார் நிறுத்துற இடத்தையே பாத்துட்டு இருந்தேன், லோபா. ஒருவேளை எப்படியாவது வந்துடுவியோன்னு. நீ வந்திருக்கலாம்னு இப்ப சொல்ற.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த மாதம் லோபாகா பார்சல் கட்ட உட்கார்ந்தார். காய்ந்த மீனை வைத்தார், உப்பை வைத்தார், பெட்டியை மூடப்போனவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து பார்சல் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, தினமும் காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டார்.

முதலில் தியாரேதான் எடுப்பாள். “என்னப்பா, ஏதாவது விஷயமா?”

“இல்ல, சும்மாதான்.”

“அம்மா குளிக்கிறாங்க.”

“சரி, சொல்லு.”

மறுநாளும் ஏழு மணி. வெஹி குளித்துக்கொண்டே இருந்தார்; ஜூன் முழுக்கக் குளித்தார். ஜூலையில் போனை மஹினா கையில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவள் அதில் மூச்சு விடுவாள். லோபாகா அவளிடம் அன்று பார்த்த கோழி, காற்றில் விழுந்த மாங்காய், போன்ஸோ ஏணியிலிருந்து வழுக்கியது, எல்லாம் சொல்வார். ஆகஸ்டில் ஒருநாள் மூச்சு வேறு மாதிரி கேட்டது.

“போன்ஸோவுக்கு அடியா?” என்றது வெஹியின் குரல்.

“இல்ல. கௌரவத்துக்குத்தான் அடி.”

“ம்.” வைத்துவிட்டார்.

அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு லோபாகா ஒரு வாரம் ஓட்டினார்.

அவர் பிறகு பெரிய தோள் வாங்குவதில்லை. மூன்று பவுண்டு, தனக்கு ஒரு தட்டு, போன்ஸோவுக்கு ஒரு தட்டு, மிச்சத்தில் மறுநாள் முட்டைக்கோஸ். ஏழு மணிப் பேச்சு இரண்டு நிமிடமானது, ஐந்து நிமிடமானது. என்ன சமைத்தாய், எவ்வளவு நேரம் வைத்தாய், மறுபடி மூடியைத் திறந்தாயா. ஊருக்கு வா என்று லோபாகா கேட்கவில்லை. நான் வரட்டுமா என்று கேட்க, பத்துத் தடவையாவது வாயெடுத்தார். போன மார்ச்சுக்குப் பிறகு அதைக் கேட்கும் உரிமை தன்னிடம் இல்லையென்று பட்டது. அக்டோபரில் ஒருநாள் மட்டும் சொன்னார்:

“போன வாரம் போன்ஸோகிட்டச் சாவியைக் கொடுத்துட்டு, தம்பி வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தேன், வெஹி.”

“நீயா?”

“நான்தான். வீடு அங்கயேதான் இருந்துச்சு.”

மறுமுனையில் சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. அவர் விசாரிக்கவும் இல்லை.

கிறிஸ்துமஸ் போனது, புது வருடம் வந்தது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கூப்பிடுவதற்காகப் போனைக் கையில் எடுத்தபோது, அதில் வெஹியின் செய்தி வந்து நின்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடி படித்தார்.

“உனக்குச் சீட்டு எடுத்துட்டேன். இருபத்தி ரெண்டாம் தேதி, மதியம். பத்து நாள் கழிச்சுத் திரும்புறதுக்கு ரெண்டு சீட்டு எடுத்திருக்கேன், பக்கத்துப் பக்கத்துல. ஜன்னல் சீட்டு எனக்கு. வெறுங்கையோட வா. ஒரு வாழைப்பழம் கொண்டு வந்தாக்கூட உன்னை வாசல்லயே நிறுத்திடுவேன்.”